நீறு பூத்த நெருப்பு



மர்ம நாவல் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் முகம் சுளிப்பதுண்டு. 'கொலையையும் கொள்ளையையும் படித்து என்ன அறிவு வரப்போகிறது?' என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் அமர்ந்து தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளை ஒரே மூச்சில் படித்து முடித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கதைகளில் ஒரு கொலை நடக்கும். கொலையாளி யார் என்பது கடைசிப் பக்கம்வரை மறைந்திருக்கும். துப்பறிபவர் வருவார், முடிச்சு அவிழும், நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடி வைப்போம்.

வேறொரு வகை மர்ம நாவலும் உண்டு. அதில் கொலை செய்பவன் யார் என்பது நமக்கு முன்பே தெரியும். அவனுடைய மனத்துக்குள்ளேயே ஆசிரியர் நம்மை உட்கார வைத்துவிடுவார். 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 'ஒரு சாதாரண மனிதன் எப்படி இந்த நிலைக்கு வந்தான்?' என்பதே கேள்வி. இத்தகைய நாவல் ஒன்றைப் பற்றியும், அதில் வரும் ஒரு கணவனைப் பற்றியும்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவனுக்கு மனத்தில் ஒரு பயம். மனைவி தன்னை விட்டுப் போய்விடுவாளோ, தன்னை யாரும் ஆண்மகனாக மதிக்கமாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை அவன் எப்படிச் சமாளித்தான், அந்தச் சமாளிப்பு அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எண்ணிப் பார்த்தால், நம் வீடுகளுக்கும் அதில் பாடம் இருப்பது தெரியும்.

நாவலின் பெயர் 'டீப் வாட்டர்'. ஆழமான தண்ணீர் என்று பொருள். எழுதியவர் பேட்ரீசியா ஹைஸ்மித் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1921-ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர்; 1995-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் காலமானார். இவர் பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் இவருடைய பெற்றோர் மணவிலக்குப் பெற்றார்கள். குடும்பம் உடைவதன் வலியை அறிந்த எழுத்தாளர் என்று நாம் சொல்லலாம். 1950-இல் வெளிவந்த இவருடைய முதல் நாவலை, புகழ்பெற்ற இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் அடுத்த ஆண்டே திரைப்படமாக்கினார். 'டீப் வாட்டர்' 1957-ஆம் ஆண்டு வெளிவந்தது. 1981-இல் பிரெஞ்சு மொழியிலும், 2022-இல் ஆங்கிலத்திலும் இது படமாக வந்திருக்கிறது. ஆனால் புத்தகத்தில் உள்ள மன ஓட்டத்தைத் திரையில் முழுமையாகக் காட்டுவது எளிதன்று. ஆகவே நாம் நாவலையே எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில் வெஸ்லி என்று ஒரு சிற்றூர். அது ஆசிரியரின் கற்பனை ஊர். அங்கே விக் வான் ஆலன் என்ற மனிதன் வாழ்கிறான். வயது முப்பத்தாறு. பரம்பரைச் சொத்தில் வருமானம் வருகிறது. சிறிய அச்சகம் ஒன்று வைத்திருக்கிறான். இலாபத்துக்காக அன்று, நல்ல காகிதத்தில், அழகான எழுத்துகளில், ஆண்டுக்குச் சில நூல்களை மட்டும் அச்சிடுவதில் அவனுக்கு ஓர் ஆனந்தம். மனைவியின் பெயர் மெலிண்டா. டிரிக்ஸி என்று ஒரு பெண் குழந்தை. பசி இல்லை, கடன் இல்லை, நோய் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குறையில்லாத குடும்பம்.

குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. மெலிண்டா கணவனை மதிக்கவில்லை. மற்ற ஆடவர்களோடு பழகுகிறாள். அவர்களை வீட்டுக்கே அழைத்து வருகிறாள். விருந்துகளில் கணவனின் கண்ணெதிரே அவர்களோடு நடனமாடுகிறாள். ஊரே பார்க்கிறது. விக் ஒரு நாற்காலியில் அமர்ந்து புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் சத்தம் போடுவதில்லை. கை ஓங்குவதில்லை. குடித்துவிட்டு வீட்டுப் பாத்திரத்தை வீசி எறிவதில்லை. வந்தவனுக்குத் தன் கையாலேயே உபசாரம் செய்கிறான். 'எவ்வளவு பொறுமைசாலி! இப்படியும் ஒரு மனிதனா!' என்று நண்பர்கள் வியக்கிறார்கள்.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். குடும்பத்தில் வன்முறை என்றால் நம் நினைவுக்கு வருவது என்ன? அந்தக் காலத்துக் கள்ளுக்கடை, பின்னர் வந்த சம்சு, சம்பள நாள் இரவு, லயத்துக் கோடியில் எழும் ஓர் அலறல். குடியை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விக் வான் ஆலன் குடித்துவிட்டு ஆடுபவனல்லன். படித்தவன், பண்பாகப் பேசுபவன், குழந்தையிடம் அன்பாக இருப்பவன். அவனுக்குள்ளும் அதே நெருப்பு இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னார்களே, அதுதான் இது. மேலே சாம்பல் வெள்ளையாகப் படிந்திருக்கும். தணிந்துவிட்டது என்று நம்பிக் கையை வைத்தால் சுட்டுவிடும்.

இந்தக் கணவன் தன் மனப் பயத்தைச் சமாளிக்க ஒவ்வொன்றாக வழி தேடுகிறான். அந்த வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வழி, பெருந்தன்மை என்னும் வேடம். 'எனக்குப் பொறாமையே கிடையாது. மனைவி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் மற்ற கணவன்மார்களைப் போலக் கீழ்த்தரமாகச் சண்டை போடமாட்டேன்' என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். கேட்பதற்கு உயர்வாக இருக்கிறது. ஆனால் உண்மையில் அவனுக்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதை அவன் அவமானமாக நினைக்கிறான். அவன் நடனமாடுவதில்லை என்பதற்குக் காரணம், நடனம் மனைவிக்குப் பிடிக்கும் என்பதே. அவளுக்குப் பிடித்ததைத் தான் செய்யாமல் இருப்பதில் ஒரு மௌனப் பழிவாங்கல். வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல், இப்படிச் சின்னச் சின்னதாக மறுப்பதன் மூலம் அவன் தன் கோபத்தைக் காட்டுகிறான்.

இரண்டாவது வழி, ஒதுங்கிக்கொள்வது. கார் நிறுத்தும் கொட்டகைக்கு அப்பால் தனி அறை ஒன்றில் அவன் படுத்துக்கொள்கிறான். அங்கே நத்தைகள் வளர்க்கிறான். அவற்றுள் இரண்டுக்கு எட்கர், ஹார்டென்ஸ் என்று பெயர்கூட வைத்திருக்கிறான். அந்த நத்தைகள் ஒன்றோடொன்று காட்டும் நெருக்கத்தை இரவு நேரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். நத்தை வளர்க்கும் பழக்கம் நாவலாசிரியருக்கே உண்டு என்பது ஒரு சுவையான செய்தி. ஆனால் கதையில் அது வேடிக்கைக்காக வைக்கப்பட்டதன்று. வீட்டில் கிடைக்காத அன்பை ஒரு மனிதன் கண்ணாடித் தொட்டிக்குள் தேடுகிறான். தொட்டால் ஓட்டுக்குள் சுருங்கிக்கொள்ளும் நத்தையைப் போலவே அவனும் ஆகிவிட்டான்.

பொழுதுபோக்கு வைத்திருப்பது தவறா என்று நீங்கள் கேட்கலாம். தவறே இல்லை. வேலை முடிந்து வந்து காய்கறித் தோட்டம் போடுபவர், கோழி வளர்ப்பவர், புறா வளர்ப்பவர், தூண்டில் போடப் போகிறவர் எத்தனையோ பேர். மனத்துக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு எடுத்தவர் திரும்பி வீட்டுக்குள் வரவேண்டும், அவ்வளவுதான். விக் திரும்பி வரவில்லை. பேச வேண்டிய பேச்சைப் பேசாமல் இருப்பதற்காகவே அவன் அந்த அறைக்குள் போனான்.

மூன்றாவது வழி, ஊராரின் நல்லெண்ணத்தைச் சேமித்து வைப்பது. வீட்டில் இழந்த மதிப்பை அவன் வெளியில் சம்பாதிக்கிறான். எல்லாரிடமும் மரியாதை, யாருக்கும் உதவி, அளந்த பேச்சு. ஊர் முழுதும் அவன் பக்கம். மெலிண்டாவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் இல்லை. இந்த நல்ல பெயர் பின்னால் அவனுக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதைக் கேட்டால் நமக்குத் திடுக்கிடும்.

நான்காவது வழியில்தான் கதை திரும்புகிறது. மெலிண்டாவோடு பழகிய மால்கம் மக்ரே என்பவன் நியூயார்க்கில் கொலை செய்யப்பட்டிருக்கிறான். கொலையாளி அகப்படவில்லை. ஒரு விருந்தில், மெலிண்டாவின் புதிய நண்பனான ஜோயல் நாஷ் என்ற இளைஞனிடம் விக் மெதுவாக, சிரித்த முகத்தோடு, மக்ரேயைக் கொன்றவன் தானே என்று சொல்கிறான். அது முழுப் பொய். ஆனால் அந்த இளைஞன் பயந்துவிடுகிறான். மெலிண்டாவை விட்டு விலகிப் போய்விடுகிறான். செய்தி ஊரெல்லாம் பரவுகிறது. சிலர் அதை நகைச்சுவை என்கிறார்கள். சிலர் அவனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

விக்கின் மனத்தில் என்ன நடக்கிறது? இத்தனை ஆண்டுகள் கேலிக்குரியவனாக இருந்தவன், இப்போது அஞ்சத்தக்கவனாக ஆகிவிட்டான். அந்த அச்சம் அவனுக்கு இனிக்கிறது. மதிப்பு என்று அவன் ஏங்கிய ஒன்று, பயம் என்ற உருவத்தில் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது அவனுக்குப் புரியவில்லை. நேயர்களே, இது அமெரிக்காவில் மட்டும் நடக்கும் காரியமா? 'என் பெண்டாட்டி என் பேரைக் கேட்டாலே நடுங்குவாள்' என்று பெருமை பேசும் மனிதர்களை நாமும் கேட்டிருக்கிறோம். நடுங்குகிறவள் மதிக்கிறாள் என்று யார் சொன்னது? பயந்தவர் பக்கத்தில் இருப்பார். ஆனால் நம்மோடு இருக்கமாட்டார்.

பொய்யின் ஆயுள் குறுகியது. மக்ரேயைக் கொன்றவன் பின்னர் பிடிபட்டுவிடுகிறான். விக் சொன்னது பொய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அவன் மீண்டும் பழைய விக் ஆகிவிட்டான். மெலிண்டாவும் மீண்டும் ஒருவனை அழைத்து வருகிறாள். பியானோ வாசிக்கும் சார்லி டி லைல் என்பவன் அவன். ஒரு முறை அதிகாரத்தின் ருசியைக் கண்டவனால் பழைய அவமானத்தைத் தாங்க முடியவில்லை. நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில், இரவில், நீச்சல் குளத்தில், மற்றவர்கள் அருகில் இல்லாத சில நிமிடங்களில், விக் அவனைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிடுகிறான்.

ஐந்தாவது வழி இதுதான். பொய்யாகச் சொன்னதை மெய்யாகவே செய்துவிட்டான். ஒரே நாளில் அவன் கொலைகாரனாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசாமல் இருந்தான், ஒதுங்கினான், நல்லவன் என்ற பெயரைச் சேர்த்தான், பயமுறுத்திப் பார்த்தான், பிறகு கொன்றான். ஒவ்வொரு படியும் முந்திய படியிலிருந்து ஓர் அடிதான் கீழே. ஆழமான தண்ணீர் என்று ஆசிரியர் பெயர் வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. கரையிலிருந்து இறங்குபவனுக்கு ஆழம் உடனே தெரிவதில்லை.

அடுத்து நடப்பது நாம் மிகவும் சிந்திக்க வேண்டிய பகுதி. 'என் கணவன்தான் கொன்றான்' என்று மெலிண்டா கூவுகிறாள். யாரும் நம்பவில்லை. 'பாவம், அவ்வளவு நல்ல மனிதன்மேல் இப்படி ஒரு பழியா!' என்று ஊர் அவளையே தூற்றுகிறது. விசாரணையில் அது விபத்து என்று முடிவாகிறது. சேமித்து வைத்த நல்ல பெயர், கொலைகாரனுக்குக் கவசமாகிவிட்டது. மெலிண்டா நல்ல மனைவி இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் உண்மை பேசியவள் அவள். டான் வில்சன் என்ற எழுத்தாளர் ஒருவர் மட்டும் அவளை நம்புகிறார். அவரையும் ஊர் ஒதுக்கி வைக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படி நடப்பதில்லையா? ஒரு பெண் அழுதுகொண்டு வந்து, 'என் வீட்டுக்காரர் என்னை இப்படிச் செய்கிறார்' என்று சொன்னால், நாம் முதலில் என்ன சொல்கிறோம்? 'அவரா? கோயில் திருவிழாவில் முன்னால் நின்று காரியம் பார்ப்பவர் ஆயிற்றே! நீ என்ன செய்தாய்?' என்று கேட்கிறோம். வெளியில் நல்லவராக இருப்பது ஒருவருடைய குணத்தின் ஒரு பாதி. மறு பாதி வீட்டுக் கதவு சாத்திய பிறகுதான் தெரியும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது நம் கடமை.

கதையின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோனி கேமரன் என்று மூன்றாவது மனிதன் ஒருவன் வருகிறான். கட்டுமான வேலை எடுத்துச் செய்பவன். அவனையும் விக் ஒரு பழைய கல் குவாரியில் கொன்று, உடலை அங்கே தேங்கியிருக்கும் தண்ணீரில் மறைக்கிறான். உண்மை மெல்ல வெளிப்படுகிறது. கடைசியில் தன் சொந்த வீட்டிலேயே, தன் கைகளாலேயே மெலிண்டாவின் கழுத்தை நெரித்துவிடுகிறான். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோகிறது. மனைவியைக் காப்பாற்றிக்கொள்ளவே எல்லாம் செய்வதாக எண்ணியவன், கடைசியில் மனைவியையே கொன்றான். டிரிக்ஸி என்ற அந்தச் சின்னஞ்சிறு பெண்? தாய் மண்ணுக்குள், தந்தை சிறைக்குள். புத்தகத்தை மூடிய பிறகும் என் மனத்தில் நிற்பது அந்தக் குழந்தைதான்.

இந்த நாவலின் திறமை ஒன்று உண்டு. முழுக் கதையையும் ஆசிரியர் விக்கின் கண்வழியாகவே காட்டுகிறார். படிக்கிற நாம் நம்மையறியாமல் அவன் பக்கம் சாய்கிறோம். 'அவள் செய்தது மட்டும் சரியா? அவனும் எவ்வளவுதான் பொறுப்பான்?' என்று நமக்கே தோன்றுகிறது. அவன் நீச்சல் குளத்தில் ஒருவனை அமுக்கும்போதுதான் நாம் திடுக்கிட்டு, 'இவ்வளவு நேரமும் யாருக்காகப் பரிந்துகொண்டிருந்தோம்?' என்று நம்மையே கேட்கிறோம். ஆத்திரத்துக்குக் காரணம் சொல்வது மிக எளிது என்பதை ஆசிரியர் நமக்கே செய்து காட்டிவிடுகிறார். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் வரும் தளபதி, ஒரு கைக்குட்டையைச் சான்றாக நம்பிக் குற்றமற்ற மனைவியைக் கொன்றான். விக்கின் மனைவி குற்றமற்றவளல்லள். ஆயினும் முடிவு ஒன்றுதான். ஐயம் பொய்யாக இருந்தாலும் மெய்யாக இருந்தாலும், கொலைக்கு அது நியாயமாகாது.

சரி, விக் செய்யாத காரியம் என்ன? மிக எளிய ஒன்று. 'மெலிண்டா, எனக்கு வலிக்கிறது. இப்படி என்னால் வாழ முடியவில்லை. சேர்ந்து வாழ்வதா, பிரிந்து போவதா, இருவரும் உட்கார்ந்து முடிவு செய்வோம்' என்று அவன் மனம் திறந்து மன்றாடவில்லை. நண்பர்கள் இருந்தார்கள், ஒருவரிடமும் தன் உள்ளத்தைக் கொட்டவில்லை. சட்டப்படி விலகிப் போகும் வழி இருந்தது. அதையும் அவன் நேர்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. விலகினால் தோற்றவன் என்று ஊர் சொல்லுமே என்ற வீண் பெருமை. தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் துணிவு இருந்திருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திருக்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தோட்டத்தில் கணவனும் மனைவியும் ஒன்றாகப் பிரட்டுக்குப் போய், ஒரே காட்டில் பால் மரம் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும், ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தும், குடும்பங்கள் பல பட்டண ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தன. மனைவி தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி இரவு வேலைக்குப் போகிறாள். சில வீடுகளில் அவளுடைய சம்பளம் கணவனுடைய சம்பளத்தைவிட அதிகம். அவளிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. கணவன் அறியாத மனிதர்களோடு அவள் வேலை நிமித்தம் பேசுகிறாள். கணவனுக்கு வேலை போய்விட்டாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, 'இனி இந்த வீட்டில் எனக்கு என்ன மதிப்பு?' என்ற எண்ணம் தலைதூக்குகிறது. மனைவி தவறே செய்யாத வீட்டிலும் இந்தப் பயம் வரும். வருவது குற்றமன்று. அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பயத்தை மூடி வைத்தால் அது வேறு உருவங்களில் வெளிவரும். அவள் தூங்கும்போது தொலைபேசியை எடுத்துப் பார்ப்பது. வேலை முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாசலில் மறைந்து நிற்பது. சம்பளக் கவரைப் பறித்து வைத்துக்கொள்வது. தாய் வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது. நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. 'நீ போனால் நான் உன்னையும் கொன்று நானும் சாவேன்' என்று மிரட்டுவது. இவற்றில் எதிலும் அடி விழவில்லை. ஆனால் இவை எல்லாம் அந்தக் கணவன் இறங்கிய படிகளின் இனமே.

பேசுவது எப்படி? ஒரு வீட்டில் இப்படிப் பேசலாம். கணவன் சொல்கிறார்: "இந்தா புள்ள, நீ வேலை முடிஞ்சு நேரங்கழிச்சு வர்றப்போ எனக்கு மனசு என்னமோ பண்ணுது. உன்மேல சந்தேகம்னு இல்ல. நான் ஒண்ணுக்கும் ஆகாதவனாப் போயிட்டேனோன்னு இருக்கு." மனைவி சொல்கிறார்: "என்னங்க இப்படிச் சொல்றீங்க? ஓவர்டைம் செஞ்சாத்தானே பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு ஆகும். இனிமே நேரமாகும்னா முன்னாடியே போன் போட்டுச் சொல்லிடுறேன். நீங்களும் மனசுல வச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்காதீங்க." அவ்வளவுதான். இரண்டு நிமிடப் பேச்சு. கணவர் தம் ஐயத்தைக் குற்றச்சாட்டாக வீசாமல் தம் வலியாகச் சொன்னார். மனைவியும் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டார். சாம்பலை விலக்கித் தண்ணீர் தெளித்தாயிற்று.

மனைவிமார்களுக்கும் ஒரு சொல். கணவரின் இயலாமையைப் பிறர் முன்னிலையில் எடுத்துப் பேசிச் சிரிப்பது எந்த வீட்டுக்கும் நல்லதன்று. வாழப் பிடிக்கவில்லை என்றால் அதை நேரே சொல்லிப் பெரியவர்களையோ சட்டத்தையோ நாடுவதே முறை. அதே வேளையில் இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மனைவி என்ன தவறு செய்திருந்தாலும், அடிப்பதற்கும் மிரட்டுவதற்கும் எந்தக் கணவனுக்கும் உரிமை கிடையாது. எப்போதும் பேச்சு பயன்படும் என்றும் எண்ண வேண்டாம். மிரட்டல் வந்துவிட்ட வீட்டில் தனியாக உட்கார்ந்து சமாதானம் பேச முயல்வது ஆபத்து. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால், உடலை வருத்துவது மட்டுமின்றி மனத்தை வருத்தும் துன்புறுத்தலும் அச்சட்டத்துக்குள் வந்திருக்கிறது. போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். சமூக நல இலாகாவை நாடலாம். பாதுகாப்பு ஆணை பெறலாம். 'தாலியான் காசே' என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்த எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மனம் கொதிக்கும் கணவன்மார்களுக்கும் உதவி உண்டு. அரசாங்க மருத்துவ நிலையத்தில் மருத்துவரிடம், 'எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபம் அடங்கவில்லை, தப்பான எண்ணம் வருகிறது' என்று சொன்னால் அவர் வழிகாட்டுவார். காய்ச்சலுக்கு மருந்து கேட்பது கோழைத்தனமா? இதுவும் அதுபோலத்தான்.

அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு உண்டு. லயத்து வாழ்க்கையில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் கேளாததுபோல் இருந்தோம். இன்று அடுக்குமாடி வீடுகளில் சுவர் தடித்திருக்கிறது; நம் காதும் தடித்துவிடக்கூடாது. சத்தமே இல்லாத வீட்டையும் கவனியுங்கள். திடீரென்று கோயிலுக்கு வராமல் நின்றுவிட்ட பெண், பள்ளியில் பேச்சு மறந்த குழந்தை, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எப்போதும் சிரித்தபடியே இருக்கும் ஆண், இவர்களிடம் போய் ஒரு தேநீர் குடித்தபடி, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். விக் வான் ஆலனைச் சுற்றி எத்தனையோ நண்பர்கள் இருந்தார்கள். அவன் பொறுமையை எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பின்னால் என்ன வேதனை இருக்கிறது என்று துருவிக் கேட்டவர் யார்?

நேயர்களே, நல்ல மர்ம நாவல் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை. அது நம்மை எச்சரிக்கிறது. அடுத்த முறை அத்தகைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால், 'இதில் யார் யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டார்கள்?' என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். இயன்றால் கணவனும் மனைவியும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்து, இரவு உணவுக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுங்கள். தன் மனத்தில் உள்ளதைத் தன் வாயால் சொல்லத் தயங்குபவர், கதையில் வரும் ஒருவனைச் சாக்காக வைத்துச் சொல்லிவிடக்கூடும். கேட்கிறவர் அந்தச் சாக்கைப் புரிந்துகொண்டால் போதும், வீடு பிழைத்துவிடும்.